திரைக்குப் பின்னால் ஒரு வரலாறு: அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களும் அவற்றைச் சூழ்ந்த கதைகளும்

கம்பர் தம் காவியத்தில் 'துமி' என்னும் சொல்லை நீர்த்திவலை என்ற பொருளில் ஆண்டார் என்றும், அப்படியொரு சொல் வழக்கில் உண்டா என்று ஒட்டக்கூத்தர் மறுத்தார் என்றும், பின்னர்ச் சோழனும் புலவர்களும் தெருவழியே சென்றபோது மோர் கடைந்துகொண்டிருந்த பெண்ணொருத்தி, துமி தெறிக்கும், தள்ளி இருங்கள் என்று பிள்ளைகளை விலக்கினாள் என்றும் ஒரு கதை தமிழ் வகுப்பறைகளில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது வாய்மொழிக் கதை. கம்பரைப் பற்றி அது நமக்கு உறுதியாகச் சொல்வது சிறிது. ஒரு சொல்லுக்கு வாழ்வளிப்பது மக்கள் வழக்கே என்று நம்பிய சமூகத்தைப் பற்றி அது சொல்வதோ பெரிது. நூல் பிறந்த கதையை நூலோடு சேர்த்துச் சொல்லி மகிழும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் செழித்த நகைச்சுவைத் தொடர்களைச் சுற்றியும் இத்தகைய கதைகள் பெருகியுள்ளன. 'சிட்காம்' என்று பரவலாக வழங்கும் இவ்வகைத் தொடரில் ஒரு வீடோ அலுவலகமோ களமாக அமையும், மாந்தர் மாறமாட்டார், வாரத்திற்கு ஒரு சிக்கல் எழுந்து அரைமணி நேரத்திற்குள் தீரும். அத்தொடர்களின் படப்பிடிப்பில் என்ன நடந்தது, எந்த நடிகர் எவரோடு பேசாதிருந்தார், எந்த அங்கத்தில் எது தற்செயலாய் நேர்ந்தது என்னும் துணுக்குகளையும், கதைக்குள் மறைபொருள் உண்டு என்று ரசிகர்கள் கட்டும் ஊகங்களையும் நம் மாணவர் பலர் விரல்நுனியில் வைத்திருக்கின்றனர். இவற்றை வீண்பேச்சு என்று தள்ளுவோர் உளர்; அப்படியே வரலாறாகக் கொள்வோரும் உளர். இரு சாராரோடும் நாம் உடன்படவில்லை. ஒரு துணுக்கைக் கேட்டவுடன், இதனைச் சொன்னவர் யார், நிகழ்ச்சி நடந்து எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார், இதனைச் சரிபார்க்க ஆவணம் உண்டா, இதில் யார் பெயர் விடுபட்டுள்ளது என்று வினவுவோமாயின், அத்துணுக்கே வரலாற்றுக்கு வாயிலாகும். கடைசி வினாதான் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

'ஐ லவ் லூசி' தொடரிலிருந்து தொடங்குவது பொருத்தம். 1951 அக்டோபர் 15ஆம் நாள் சி.பி.எஸ். அலைவரிசையில் முதன்முதல் ஒளியேறிய இத்தொடர் 1957 வரை நடந்தது. லூசில் பால் அதற்கு முன்பு 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்னும் வானொலித் தொடரில் நடித்துவந்தார். அதனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர நிலையம் விரும்பியபோது, தம் கணவர் தேசி அர்னாஸே திரையிலும் கணவராக நடிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அர்னாஸ் கியூபாவில் பிறந்தவர். அவருடைய ஆங்கிலத்தில் ஸ்பானிய ஒலி தெளிவாகக் கேட்கும். அமெரிக்கப் பெண்ணுக்கு இப்படியொரு கணவரை மக்கள் ஏற்பார்களா என்று நிலையத்தார் ஐயுற்றனர். தம்பதியர் 1950இல் ஊர் ஊராகச் சென்று மேடையில் இணைந்து நடித்து, மக்கள் ஏற்பார்கள் என்று காட்டினர். ஒலிப்பு வேறுபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கும் மனப்பான்மை மொழி பயில்வோர்க்குப் புதிதன்று. ஆதலால் இதனை இங்கே சற்று நின்று குறிக்கிறோம்.

அடுத்த சிக்கல் இடம் பற்றியது. அந்நாளில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளியேறின. தொலைவிலுள்ள நிலையங்களுக்கு, தொலைக்காட்சித் திரையையே படக்கருவியால் படம்பிடித்த மங்கலான நகல் அனுப்பப்பட்டது. 'கினெஸ்கோப்' என்பது அந்நகலின் பெயர். தம்பதியரோ ஹாலிவுட்டை விட்டு வர மறுத்தனர். நேயர்களில் பெரும்பகுதியினர் கிழக்கே இருந்தனர். அவர்கள் மங்கல் நகலைப் பார்ப்பதற்குப் புரவலரான பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம் இசையவில்லை. முடிவில், பார்வையாளரை அரங்கில் அமரவைத்து, திரைப்படத்திற்குரிய 35 மி.மீ. படச்சுருளில் தொடரை எடுப்பது என்று தீர்மானித்தனர். செலவு கூடியது. அதனை ஈடுகட்டத் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்கு மாற்றாகப் படச்சுருள்களின் உரிமையைத் தம் 'தேசிலு' நிறுவனத்திற்குப் பெற்றதாக அர்னாஸ் பிற்காலத்தில் எழுதினார். பேரத்தில் யார் எதைக் கேட்டார், யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பது ஒரு தரப்பாரின் கூற்று. உரிமை தேசிலுவிடம் இருந்ததும், பின்னர் சி.பி.எஸ். பெருந்தொகை கொடுத்து அதனை வாங்கியதும் நடைமுறையில் நிகழ்ந்தவை. ஒரே கதைக்குள்ளேயே இவ்விரு வகைச் செய்திகளும் கலந்திருப்பதை மாணவர் கண்டுகொள்ள வேண்டும்.

துணுக்குத் தொகுப்புகளில் தவறாமல் இடம்பெறும் மற்றொரு செய்தி, மூன்று படக்கருவிகளை ஒருங்கே இயக்கும் முறையை அர்னாஸ் கண்டுபிடித்தார் என்பது. இது சரியன்று. 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' என்னும் போட்டி நிகழ்ச்சி ஏற்கெனவே பல படக்கருவிகளைக் கொண்டு படச்சுருளில் எடுக்கப்பட்டிருந்தது. அதில் பணியாற்றிய அல் சைமனையே தேசிலு அழைத்துக்கொண்டது. புதியது வேறிடத்தில் இருந்தது. ஒரு கோணத்திலிருந்து அழகாகத் தெரியும் ஒளியமைப்பு மற்றொரு கோணத்தில் முகத்தில் நிழலை வீழ்த்தும். மூன்று கோணங்களிலும் ஒருசேர எடுக்க வேண்டுமானால் ஒளி எங்கும் சமமாகப் பரவ வேண்டும். இதனைத் தீர்த்தவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர். 'தி குட் எர்த்' படத்திற்காக ஆஸ்கர் விருது பெற்றவர். அவர் விளக்குகளில் பெரும்பாலானவற்றைத் தலைக்கு மேலே பொருத்தி, தரையைப் படக்கருவிகள் நகர்வதற்கு விட்டுவிட்டார். ஒரே மனிதர் ஒரே நாளில் கண்டுபிடித்தார் என்று சொல்வது நினைவில் வைக்க எளிது. பலருடைய கைப்பழக்கம் ஓரிடத்தில் வந்து கூடியது என்பதே நடந்தது.

1952இல் லூசில் பால் மீண்டும் கருவுற்றார். தொடரை நிறுத்திவிடலாம், அல்லது நாற்காலிகளுக்குப் பின்னால் நிறுத்தி வயிற்றை மறைக்கலாம் என்றெல்லாம் யோசனைகள் எழுந்தன. இறுதியில் கதைத்தலைவியும் கருவுறுவதாகவே எழுதினர். ஆனால் 'கருவுற்ற' என்பதற்குரிய நேரான ஆங்கிலச் சொல்லைத் தொலைக்காட்சியில் உச்சரிக்கலாகாது என்று நிலையம் விதித்தது. 'எதிர்பார்த்திருக்கிறாள்' என்னும் பொருள்தரும் சொல்லே இசைவு பெற்றது. 1952 டிசம்பர் 8ஆம் நாள் ஒளியேறிய அங்கத்தின் தலைப்பில் கருவுற்றவளைக் குறிக்கப் பிரெஞ்சுச் சொல்லொன்றைப் புகுத்தினர். அயல்மொழிச் சொல் கூச்சத்திற்குத் திரையாயிற்று. கத்தோலிக்கக் குரு, புராட்டஸ்டண்ட் போதகர், யூத குரு ஆகிய மூவரும் எழுத்துப்படியைப் பார்த்து இசைவளித்த பின்னரே படப்பிடிப்பு நடந்தது. நம் இலக்கணத்தார் இடக்கரடக்கல் என்று வகுத்ததை இங்கே ஒரு நிறுவனம் விதியாகவே இயற்றிவிட்டது.

குழந்தை பிறக்கும் அங்கம் 1953 சனவரி 19ஆம் நாள் ஒளியேறியது. அதே நாளில் லூசில் பால் அறுவை மருத்துவத்தின் வழி ஆண் குழந்தையைப் பெற்றார். இது வியத்தகு தற்செயல் என்று கூறப்படுவதுண்டு. அறுவை மருத்துவத்தின் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டதாதலின், நாள் பொருந்தியதில் வியப்பில்லை. கதையிலும் வாழ்விலும் ஆணே பிறந்தது மட்டுமே தற்செயல். ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர் அவ்வங்கத்தைப் பார்த்ததாக மதிப்பிட்டனர். மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்ற காட்சியைப் பார்த்தவர் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் பேர்.

அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த நிகழ்ச்சியை இத்தொடரின் ரசிகர் எவரும் சொல்லாமல் விடுவதில்லை. 1936இல் லூசில் பால் பொதுவுடைமைக் கட்சிக்கு வாக்களிக்க விரும்புபவராகத் தம் பெயரைப் பதிவு செய்திருந்தார். அமெரிக்கர்க்கு மாறான நடவடிக்கைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் அலுவலரிடம், தம் தாத்தாவின் மனம் கோணாதிருக்கவே அவ்வாறு செய்ததாக அவர் வாக்குமூலம் அளித்தார். செய்தி வெளியாயிற்று. செப்டம்பர் 11ஆம் நாள் மாலை படப்பிடிப்புக்கு முன் அர்னாஸ் அரங்கிற்கு வந்து, தம் மனைவியிடத்துச் சிவப்பு என்பது தலைமுடியில் மட்டுமே உண்டு, அதுவும் சாயம்தான் என்னும் கருத்துப்பட நகையாடினார். அரங்கு அதிர்ந்தது, புரவலர் விலகவில்லை, தொடர் முதலிடத்திலேயே நின்றது.

இக்கதை இங்கு முடிவதாகவே தொகுப்பாளர்கள் எழுதுவர். நாம் அதனருகே வேறொரு தொடரை வைத்துப் பார்க்க விரும்புகிறோம். 'தி கோல்ட்பெர்க்ஸ்' என்பது கெர்ட்ரூட் பெர்க் எழுதி நடித்த, நியூயார்க் யூதக் குடும்பம் ஒன்றைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். 'ஐ லவ் லூசி' தொடங்குவதற்கு ஈராண்டுக்கும் முன்பே, 1949இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதில் கணவராக நடித்தவர் ஃபிலிப் லோப். நடிகர் சங்கப் பணிகளில் ஊக்கமாக ஈடுபட்டவர். 1950 சூனில் வெளிவந்த 'ரெட் சேனல்ஸ்' என்னும் சிறுநூல், பொதுவுடைமைச் சார்புடையோர் என்று ஐயுறப்பட்ட வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர் பலரின் பெயரைப் பட்டியலிட்டது. லோப்பின் பெயரும் அதில் இருந்தது. தாம் அக்கட்சியின் உறுப்பினர் அல்லர் என்று அவர் மறுத்தார். பெர்க் அவரை நீக்க மறுத்துச் சில காலம் போராடினார். புரவலர் விலகினார், நிலையமும் தொடரைக் கைவிட்டது. 1952இல் தொடர் வேறு அலைவரிசையில் மீண்டபோது அப்பாத்திரத்தில் வேறொருவர் நடித்தார். லோப் 1955 செப்டம்பர் 1ஆம் நாள் நியூயார்க் விடுதியொன்றில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஒரு நகையாடல் ஒருவரைக் காப்பாற்றியது என்று சொல்வது இனிய கதை. காப்பாற்றியது நகையாடல்தானா? அந்த ஆண்டு லூசில் பாலை இழந்தால் நிலையமும் புரவலரும் எவ்வளவு இழந்திருப்பர் என்பதை மேலே கண்ட எண்கள் காட்டுகின்றன. லோப்பை இழப்பதில் அவர்களுக்கு அத்தகைய இழப்பில்லை. வென்றவருடைய சிரிப்பைத் துணுக்குகள் தலைமுறை தோறும் கடத்துகின்றன. தோற்றவர் பெயரைத் தேடிச் சென்றால்தான் கிட்டுகிறது. வகுப்பறையில் முதற்கதையைச் சொல்லும் ஆசிரியர் இரண்டாவதையும் சொல்ல வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

சிரிப்பைப் பற்றியே ஒரு செய்தி. பார்வையாளர் இல்லாமல் எடுத்த தொடர்களில் கேட்கும் சிரிப்பொலி ஒரு பெட்டியிலிருந்து வந்தது. சி.பி.எஸ். நிலையத்தில் ஒலிப்பொறியாளராக இருந்த சார்லஸ் டக்ளஸ் 1950களின் தொடக்கத்தில் அதனை அமைத்தார். தட்டச்சுப் பொறி போன்ற விசைகள். ஒவ்வொரு விசையிலும் ஒருவகைச் சிரிப்பு. புன்முறுவலோடு கூடிய மெல்லொலி முதல் அரங்கமே குலுங்கும் வெடிச்சிரிப்பு வரை அதில் இருந்தன. பெட்டியைப் பூட்டியே வைத்திருந்து, பிறர் பார்க்காத வண்ணம் தாமே இயக்கினார். மறைத்து வைத்த பொருளைச் சுற்றிக் கதை பிறக்காமல் இருக்குமா? இத்தொடர்களில் நாம் கேட்பது இறந்தவர்களின் சிரிப்பு என்று ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. பழைய பதிவுகளை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு காலத்தில் அப்பேச்சு மெய்யாகத்தானே வேண்டும்! ஆயினும் அது வதந்தியின் வடிவில்தான் பிறந்தது.

அப்பெட்டியை எதிர்த்துப் பொருதியவர்களும் உண்டு. கொரியப் போரில் அமெரிக்கப் படையின் அறுவை மருத்துவ முகாமைக் களமாகக் கொண்ட 'மேஷ்' தொடர் 1972இல், வியட்நாம் போர் முடியாத காலத்தில் தொடங்கியது. மூன்றாண்டு நடந்த போரைப் பற்றிய தொடர் 11 பருவம் ஓடி, 1983 பிப்ரவரி 28ஆம் நாள் ஒளியேறிய இறுதி அங்கத்தில் 10 கோடிக்கு மேற்பட்ட நேயரைக் கண்டது. சிரிப்பொலி வேண்டாம் என்று அதனை உருவாக்கிய லாரி கெல்பார்ட் கேட்டார், நிலையம் மறுத்தது. முடிவில் அறுவைக்கூடக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி சேர்ப்பதில்லை என்று இணங்கினர். பிரிட்டனில் பி.பி.சி. இத்தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளியேற்றியது. ஆதலின் ஒரே தொடரை இரு நாட்டு மக்கள் இரு வேறு நாடகங்களாகப் பார்த்தனர்.

இத்தொடரின் புகழ்பெற்ற திரைமறைவுச் செய்தி 1975 மார்ச் 18ஆம் நாள் ஒளியேறிய அங்கத்தைப் பற்றியது. முகாமின் தலைவர் ஹென்றி பிளேக்காக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் தொடரை விட்டு விலகுவதாக இருந்தார். அவர் ஊர் திரும்புவதாகவே நடிகர்களின் எழுத்துப்படி முடிந்தது. எல்லாக் காட்சிகளும் எடுத்த பின்னர், ஒரு பக்கம் மட்டும் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது: பிளேக் சென்ற வானூர்தி வீழ்த்தப்பட்டது, எவரும் பிழைக்கவில்லை. ஆலன் ஆல்டாவைத் தவிர நடிகர் பிறர் அதனை அப்போதே அறிந்தனர். அச்செய்தி படிக்கப்பட்டபின் அறுவைக்கூடத்தில் நிலவும் மௌனத்தில் ஒரு கருவி தரையில் விழும் ஒலி கேட்கும். சினந்து எழுதிய நேயர் பலர். நகைச்சுவைத் தொடரில் சாவு எதற்கு என்பது அவர்கள் முறையீடு. போரைப் பற்றிய தொடரில் சாவு இல்லாதிருந்ததுதான் விந்தை என்பது எழுதியவர் தரப்பு.

இனி ரசிகர்களின் ஊகங்களுக்கு வருவோம். 1964இல் தொடங்கிய 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொடரில் எழுவர் ஒரு தீவில் ஒதுங்குகின்றனர். எழுவரும் கிறித்தவ மரபு கூறும் ஏழு பெரும்பாவங்களின் உருவம் என்பது நீண்ட நாளாக நிலவும் ஊகம். செல்வர் பேராசை, அவர் மனைவி சோம்பல், பேராசிரியர் செருக்கு, நடிகை காமம், நாட்டுப்புறப் பெண் பொறாமை. எஞ்சுவன சினமும் பெருந்தீனியும். எஞ்சியவர் கப்பல் தலைவரும் கில்லிகனும். அப்பாவியான கில்லிகனுக்கு இரண்டும் பொருந்தவில்லை. ஆகவே தலைவர்மேல் இரு பாவங்களையும் ஏற்றி, கில்லிகனைச் சாத்தானாக்கி, அவன் அணியும் சிவப்புச் சட்டையைச் சான்று காட்டுகின்றனர்! கொள்கைக்கு ஏற்பச் சான்றை வளைப்பது எப்படி இருக்கும் என்று மாணவர்க்குக் காட்ட இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டவில்லை. தொடருக்குள் மெய்யாகவே மறைந்திருந்த குறிப்புகள் வேறு. 1961இல் தொலைக்காட்சியைப் பரந்த பாழ்நிலம் என்று சாடிப் பேசியவர், ஒலி, ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசாணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ. உடைந்த படகுக்கு 'மின்னோ' என்று அவர் பெயரையே சூட்டினார் தயாரிப்பாளர் ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ். முன்னோட்ட அங்கத்தின் படப்பிடிப்பு 1963 நவம்பரில் ஹவாயில் நடந்தபோது அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். படகு துறைமுகத்தைவிட்டு நீங்கும் தொடக்கக் காட்சியில் கொடி அரைக்கம்பத்தில் பறப்பதை இன்றும் காணலாம். எந்த எழுத்தாளரும் எண்ணி வைக்காத சான்று அது. ஏழு பாவங்களைத் தேடிய கண்கள் பல அக்கொடியைக் கடந்து சென்றன.

மற்றோர் ஊகம் அறிவுக்கு விருந்து. 'செயின்ட் எல்ஸ்வேர்' என்னும் மருத்துவமனைத் தொடர் (இது நகைச்சுவைத் தொடரன்று) 1988 மே மாதம் முடிந்தபோது, அனைத்தும் டாமி வெஸ்ட்ஃபால் என்னும் சிறுவனின் கற்பனையோ என்று எண்ணும்படி விட்டனர். அத்தொடரின் மருத்துவர்கள் முன்னர் ஒருமுறை 'சியர்ஸ்' நகைச்சுவைத் தொடரின் மதுக்கடைக்குச் சென்றிருந்தனர். அப்படியாயின் 'சியர்ஸ்' சிறுவனின் கனவு. அதிலிருந்து கிளைத்த 'ஃப்ரேசியர்' அவன் கனவு. அதனோடு தொடர்புடைய யாவும் கனவு. இவ்வாறு நூற்றுக்கணக்கான தொடர்களை ரசிகர்கள் ஒரே தலைக்குள் அடக்கிவிட்டனர். இதில் ஒரு வழு உண்டு. நாம் கனவில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலைக் கண்டோம் என்பதனால் அக்கோயில் கனவாகிவிடாது. அளவை நூல் பயிலும் மாணவர்க்கு இதனைக் கொடுத்து வழுவைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். அவர்கள் மகிழ்ந்து செய்வர்.

ஊகங்களை விட்டு, காணாமற்போன ஒரு பொருளுக்குத் திரும்புவோம். 'ஐ லவ் லூசி' தொடரை நிலையத்தாருக்குக் காட்ட 1951 மார்ச் 2ஆம் நாள் ஒரு முன்னோட்ட அங்கம் நடித்துக் கினெஸ்கோப்பில் பதிவு செய்தனர். அது ஒளியேறவில்லை, பின்னர்த் தொலைந்துபோயிற்று. அதில் என்ன இருந்தது என்பது ஏறத்தாழ 40 ஆண்டுக் காலம் நினைவிலிருந்து சொல்லப்பட்ட செய்தியாகவே இருந்தது. அதில் பங்கேற்ற பெப்பிட்டோ என்னும் கோமாளிக் கலைஞருக்கு அர்னாஸ் ஒரு பிரதியை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். கலைஞர் மறைந்தபின் அவர் மனைவியின் வீட்டில், கட்டிலுக்கடியில் அது இருந்தது. 1990இல் சி.பி.எஸ். அதனை ஒளியேற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு லூசில் பால் மறைந்துவிட்டார்.

தொடரின் உயிர்நாடி என்று பின்னாளில் கருதப்பட்ட அண்டை வீட்டு மெர்ட்ஸ் தம்பதியர் அம்முன்னோட்டத்தில் இல்லை. ரிக்கார்டோ இணையரின் வீடும் வேறாக இருக்கிறது. லூசில் பால் தொளதொளத்த ஆடைகளையே அணிந்து வருகிறார். அப்போது அவர் தம் முதற்குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். பெண் குழந்தை அவ்வாண்டு சூலையில் பிறந்தது. மறு ஆண்டு நாடே அறியக் கொண்டாடப்பட இருந்த நிலையை, இங்கே ஒரு பெரிய சட்டை மூடி வைத்திருக்கிறது.